ஸ்பானிஷ் டிவி பார்த்தால் ஸ்பானிஷ் காதில் ஏறுமா? மதுரைப் பக்கம் முயன்றவர்கள் சொல்லுங்கள்

வில்லாபுரம்_மீனா:

எல்லாருக்கும் வணக்கம். ஆன்லைன் வகுப்பில் ஏ2, அதாவது தொடக்கநிலையின் இரண்டாம் படி வரை முடித்துவிட்டேன். இலக்கணம் ஓரளவு பிடிபட்டிருக்கிறது, ஒரு பத்தி எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். டிவியைப் போட்டால்தான் வண்டவாளம் தெரிகிறது. மனி ஹைஸ்ட் என்கிற ஸ்பெயின் கொள்ளைத் தொடர் முழுவதும் இங்கிலீஷ் சப்டைட்டிலோடு பார்த்தாயிற்று. அதை அணைத்துவிட்டு முதலிலிருந்து ஓட்டினால், அதில் வருகிற புரொபசர் பேசுவது அங்கங்கே விளங்குகிறது, டென்வர் என்கிற கொள்ளையன் வாயைத் திறந்தால் ஒன்றும் விளங்கவில்லை.

சப்டைட்டில் வைக்கலாமா, கூடாதா? வைத்தால் எந்த மொழியில்? ஸ்பெயின் நிகழ்ச்சியா, மெக்சிகோ, கொலம்பியா பக்கமா? வேலைக்காகத்தான் படிக்கிறேன், போனில் ஆட்கள் பேசுவது புரிய வேண்டும். வீட்டில் ஒரே டிவி, ஏழு மணிக்கு மேல் அது அம்மாவுடையது. அதனால் எனக்கு வாய்த்தது போனும் ஹெட்செட்டும்தான்.

இளந்தைக்குளம்_நைட்ஷிஃப்ட்:

இங்கிலீஷ் சப்டைட்டிலை இன்றோடு விடுங்கள் மீனா. அது இருக்கிறவரை நீங்கள் ஸ்பானிஷ் கேட்கவில்லை, இங்கிலீஷ் வாசிக்கிறீர்கள். கண் வாசிக்கத் தொடங்கிவிட்டால் காது சும்மா உட்கார்ந்துவிடும்.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. நெதர்லாந்தில் மிட்டரர், மெக்வீன் என்று இரண்டு ஆய்வாளர்கள் 2009-ல் ஒரு சோதனை செய்தார்கள். டச்சுக்காரர்களை உட்காரவைத்து, ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலியா உச்சரிப்பில் உள்ள இங்கிலீஷ் நிகழ்ச்சிகளைப் போட்டுக்காட்டினார்கள். இங்கிலீஷ் சப்டைட்டிலோடு பார்த்தவர்களுக்கு அந்த உச்சரிப்பு சீக்கிரம் பழகியது. டச்சு சப்டைட்டிலோடு பார்த்தவர்களுக்குப் புதிய வாக்கியங்களைக் கேட்கும்போது அது உபத்திரவமாகவே இருந்தது. ஆக, பேசுகிற மொழியிலேயே எழுத்தும் ஓட வேண்டும்.

இதில் நம் நாட்டுச் சங்கதி ஒன்று இருக்கிறது. தூர்தர்ஷனில் சித்ரஹார் பாட்டுக்குக் கீழே அதே மொழியில் வரிகள் ஓடினதே, ஞாபகம் இருக்கிறதா? எழுத்துக்கூட்டி வாசிக்கிறவர்களுக்கு வாசிப்பு கூட வேண்டும் என்று அதற்காக மெனக்கெட்டவர் பிரிஜ் கோத்தாரி. 1996-ல் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தபோது, ஸ்பானிஷ் கற்றுக்கொள்வதற்காக நண்பர்களோடு ஸ்பெயின் இயக்குநர் அல்மொதோவாரின் படம் ஒன்று பார்த்திருக்கிறார். கீழே ஓடியது இங்கிலீஷ். அந்த இடத்தில் ஸ்பானிஷே ஓடினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அப்போது தோன்றியதுதான் முழுத்திட்டத்துக்கும் விதை. உங்கள் கேள்வியேதான் அவருடைய கேள்வியும்.

ஒரு எச்சரிக்கை. நெட்ஃபிளிக்ஸில் ஸ்பானிஷ் சப்டைட்டில் இரண்டு வகை வரும். பக்கத்தில் சிசி என்று போட்டிருப்பது காது கேளாதவர்களுக்காகச் செய்தது, பேசுகிற பேச்சை ஒட்டியே போகும். அதைத்தான் எடுக்க வேண்டும். இங்கிலீஷ் தொடரை ஸ்பானிஷ் டப்பிங்கில் போட்டீர்கள் என்றால் வாய் ஒன்று சொல்லும், கீழே வேறொன்று ஓடும். டப்பிங் வசனத்தை உதட்டு அசைவுக்குப் பொருத்தி ஒருவர் எழுதுகிறார், சப்டைட்டிலை வரிக்கு 42 எழுத்துக்குள் அடக்கி இன்னொருவர் எழுதுகிறார். இரண்டு பேரும் சந்தித்துக்கொள்வதே இல்லை. படிக்கிறவன் தலைதான் சுற்றும்.

ஆரப்பாளையம்_டெப்போ:

அண்ணன் சொல்வது பி1, அதாவது இடைநிலை தாண்டினவர்களுக்குச் சரி. ஏ2-வில் இருக்கிற பிள்ளைக்கு ஸ்பானிஷ் எழுத்தும் ஸ்பானிஷ் பேச்சும் ஒன்றாக ஓடினால் இரண்டையும் தவறவிடும். நான் செய்தது வேறு. மனி ஹைஸ்டுக்குத் தமிழ் டப்பிங் இருக்கிறது. ஒரு எபிசோடைத் தமிழில் பார்த்து முடித்துவிட்டு, கையோடு அதே எபிசோடை ஸ்பானிஷில் போடுவேன். யார் யாரைச் சுடப்போகிறான் என்பது தெரியும், மனசுக்கு வேறு வேலை கிடையாது, காது மட்டும் வேலை செய்யும்.

எபிசோடின் நீளமும் அதற்குத் தோது. ஸ்பெயினில் 2017-ல் அந்தெனா 3 சேனலில் வந்தபோது ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல், மொத்தம் 15 எபிசோட். நெட்ஃபிளிக்ஸ் அதையே வெட்டி 22 ஆக்கியது. ஸ்பெயின்காரர்கள் ராத்திரி பத்தரைக்கு மேல் தொடங்கி நள்ளிரவு தாண்டியும் டிவி பார்க்கிற ஜாதி. நமக்கு முக்கால் மணி நேரமே ஜாஸ்தி.

இளந்தைக்குளம்_நைட்ஷிஃப்ட்:

தமிழில் முதலில் பார்ப்பதை நான் மறுக்கவில்லை தம்பி. இங்கிலீஷை வாசித்துக்கொண்டே ஸ்பானிஷ் கேட்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். வேகம் பற்றி ஒன்று: அவர்கள் நிஜமாகவே வேகமாகத்தான் பேசுகிறார்கள், அது மீனாவின் பிரமை இல்லை. 2011-ல் பிரான்சில் சிலர் அளந்து பார்த்ததில் ஸ்பானிஷ் விநாடிக்கு ஏறக்குறைய 8 அசை, இங்கிலீஷ் 6 சொச்சம். ஆனால் ஒவ்வொரு அசையிலும் அடங்குகிற விஷயம் ஸ்பானிஷில் குறைவு, அதனால் மொத்தக் கணக்கு ஏறக்குறைய ஒன்றாகிவிடுகிறதாம். இதைக் கேட்டு ஆறுதல் அடையலாம், வேறு பிரயோசனம் கிடையாது.

தெற்குகோபுரம்_கைடு:

ஆகஸ்டு மாதம் வந்து பாருங்கள், சித்திரை வீதி பூரா ஸ்பானிஷ்தான். அவர்களுக்கு அப்போதுதான் ஊரே லீவு. அந்தக் குழுக்களை வைத்துத்தான் நான் பிழைக்கிறேன், டிவியும் அதற்காகத்தான் பார்க்கிறேன்.

எந்த ஊர் ஸ்பானிஷ் என்பதற்கு நேர் பதில்: உங்கள் போனில் யார் வருவார்களோ அந்த ஊர். சும்மா 'ஸ்பானிஷ் டிவி' என்று ஒன்று கிடையாது. ஸ்பெயினின் வடக்கு, மாட்ரிட் பக்கத்து ஆட்கள் நாக்கைப் பல்லுக்கிடையில் வைத்து ஓர் ஒலி எழுப்புவார்கள். அதே எழுத்தை அமெரிக்கக் கண்டம் முழுவதும் ஸகரமாகச் சொல்லிவிட்டுப் போய்விடும். தெற்கு ஸ்பெயினின் அண்டலூசியா, கியூபா, போர்ட்டோ ரிக்கோ ஆட்கள் சொல்லின் கடைசி ஸகரத்தை முழுங்கிவிடுவார்கள். புவெனஸ் ஐரஸ்காரர் யகரம் வர வேண்டிய இடத்தில் ஷகரம் போடுவார், 'நீ' என்பதற்கே வேறு சொல்லும் வேறு வினைமுடிவும் வைத்திருப்பார். போகோட்டா, மெக்சிகோ சிட்டி ஆட்கள் பேசுவது கற்கிறவன் காதுக்கு இதம். திருநெல்வேலியும் கோயம்புத்தூரும் நமக்குப் பழகிப்போனதால் அந்தப் பேச்சுகளின் தூரம் நமக்கு உறைப்பதில்லை, வெளியூர்க்காரனைக் கேட்டால் தெரியும்.

'நார்கோஸ்' என்கிற போதைக் கடத்தல் தொடரைப் பார்த்து கொலம்பியா பேச்சு கற்கப்போகிறேன் என்று ஒரு தம்பி என்னிடம் வந்தான். அதில் கொலம்பியக் கடத்தல்காரன் பாப்லோ எஸ்கோபாராக நடித்த வாக்னர் மோரா பிரேசில்காரர். தாய்மொழி போர்ச்சுகீஸ். அந்த வேஷத்துக்காகவே கொலம்பியாவின் மெதெயின் நகரத்துக்குப் போய் ஸ்பானிஷ் படித்தார். மற்றவர்களும் ஆளுக்கொரு நாடு. கொலம்பியாவிலேயே அந்த உச்சரிப்பை வைத்துச் சிரித்தார்கள். நல்ல தொடர்தான், நடிப்பும் பிரமாதம், காதுக்குப் பாடமாக மட்டும் வைக்காதீர்கள்.

எழுத்து இல்லாமல் பார்க்கப் பழகுவதுதான் கடைசியில் உதவும் என்பது என் கட்சி. பொற்றாமரைக் குளத்துப் படியில் நின்று ஸ்பெயினின் மூர்சியாக்காரர் கேள்வி கேட்கும்போது அவர் நெஞ்சுக்குக் கீழே சப்டைட்டில் ஓடாது.

ஓய்வுபெற்றவர்_நரிமேடு:

இந்த விவாதத்தைப் படித்தால் சிரிப்பு வருகிறது. 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி டிவி வந்தது. தென் மாவட்டங்களில் வசதியுள்ளவர்கள் மொட்டைமாடியில் உயரமாக இரும்புக் குழாயை நட்டு, உச்சியில் ஆன்டெனாவைக் கட்டி, காற்றடிக்கும்போதெல்லாம் ஒருவர் மேலே போய்த் திருப்ப, கீழே இருந்து இன்னொருவர் 'போதும், போதும், கொஞ்சம் கிழக்கே' என்று கத்த, அப்படிப் பார்த்தோம். பாதி நேரம் சிங்களம். ஒரு எழுத்து தெரியாது. ஆனாலும் யாரும் எழுந்து போகவில்லை. ஆனால் சிங்களமும் யாருக்கும் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். படம் பார்ப்பது வேறு, மொழி கேட்பது வேறு.

பின்னால் ஞாயிற்றுக்கிழமை காலை மகாபாரதம். இந்தி தெரியாத வீட்டில் எல்லாரும் குளித்துவிட்டு உட்கார்ந்துவிடுவோம். அந்த இந்தி மட்டும் கொஞ்சம் ஏறியது. ஏனென்றால் சகுனி அடுத்து என்ன சொல்லப்போகிறான் என்பது என் பாட்டிக்கே தெரியும். அந்த அம்மாள் திரௌபதி சபைக்கு வருமுன்பே அழ ஆரம்பித்துவிடுவார்.

இன்னொரு சங்கதி. நம் நாட்டு சீரியலுக்கே மூலம் ஸ்பானிஷ் டிவிதான் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? மெக்சிகோவில் மிகெல் சபீதோ என்பவர் எழுபதுகளில் முதியோர் கல்வி, குடும்பக் கட்டுப்பாடு இவற்றைக் கதைக்குள் வைத்துத் தெலெநோவெலாக்கள், அதாவது அவர்கள் ஊர் டிவி தொடர்கதைகள் எடுத்தார். நம் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த வசந்த் சாத்தே 1982-ல் அங்கே போய் அதைப் பார்த்துவிட்டு வந்தார். 1984 ஜூலையில் தூர்தர்ஷனில் 'ஹம் லோக்' ஆரம்பித்தது. மீனாவின் அம்மா ஏழு மணிக்குப் பார்க்கிறாரே, அதற்குக் கொள்ளுப்பாட்டி மெக்சிகோக்காரி.

ஒரு வித்தியாசம், தெலெநோவெலா பெரும்பாலும் சில மாதத்தில் முடிந்துவிடும். வில்லி செத்தால் செத்தவள்தான். இங்கே நடிகை மாறுவாள், கதை மாறாது.

வில்லாபுரம்_மீனா:

ஐயா, இதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். 'அப்ப நானும் ஸ்பானிஷ்தான் பாக்குறேன், ரிமோட்டத் தொடாத' என்கிறார்.

பாலமேடு_வாடிவாசல்:

நான் வகுப்புக்கெல்லாம் போனவன் இல்லை. மாடு வளர்க்கிற குடும்பம். என் காதில் ஸ்பானிஷ் ஏறினதே மாட்டால்தான், அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஸ்பெயினில் பம்ப்லோனா என்று ஊர். சான் ஃபெர்மின் திருவிழா. ஜூலை 7-லிருந்து 14 வரை, எட்டு நாளும் காலை சரியாக 8 மணிக்கு மாடு விடுவார்கள். நமக்கு அது 11.30. ஸ்பெயின் அரசு டிவி ஆர்டிவிஇ நேரலையாகப் போடுகிறது. ஓட்டம் முழுக்க இரண்டு மூன்று நிமிஷம்தான். 875 மீட்டர் கல் பாவின தெரு, ஆறு காளை, கூட மணி கட்டின பழக்கின மாடுகள். முன்னாலும் பக்கத்திலும் வெள்ளைச் சட்டை, சிவப்புத் துண்டு கட்டின கூட்டம், கையில் சுருட்டின செய்தித்தாள். தொடங்குமுன் சுவரில் இருக்கிற சின்னப் புனிதர் சிலைக்கு மூன்று தடவை பாடுவார்கள். அப்புறம் வெடி.

முதல் வருஷம் ஒரு மண்ணும் புரியவில்லை, ஆனால் எல்லாமே புரிந்தது. எப்படி என்றால், சாந்தோ தோமிங்கோ மேட்டில் மாடு எகிறி வரும்போது மேடு என்பதால் வேகம் எடுக்கும் என்பது எனக்குத் தெரியும். மெர்காதெரெஸ் முடிந்து எஸ்தஃபேத்தா தெருவுக்குத் திரும்புகிற முக்கில் குளம்பு வழுக்கிப் பலகையில் போய் மோதும் என்பதும் பார்த்த உடனே தெரியும். கல்லில் குளம்பு நிற்காது. அந்த முக்கில் வழுக்காமல் இருக்க இப்போது மருந்து தெளிக்கிறார்கள், அதையும் வர்ணனையில்தான் கேட்டேன். ஆறு மாடும் சேர்ந்து ஓடினால் பயம் இல்லை. ஒன்று கூட்டத்தை விட்டுத் தனியாகப் பிரிந்து திரும்பி நின்றது என்றால் வர்ணனையாளர் குரலே மாறிவிடும். நான் அதற்கு முன்பே சோபாவை விட்டு எழுந்துவிடுவேன். நின்னு விளையாடுகிற மாட்டைப் பார்த்த எவனுக்கும் அது தெரியும். அவர் அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்பது எனக்கு முன்னமே தெரிவதால், அவர் வாயிலிருந்து என்ன வந்தாலும் அதற்கு அர்த்தம் என்னிடம் தயாராக இருக்கும். கொம்பு, விழுந்தான், வழுக்கியது, பிரிந்த மாடு, மேய்ப்பர் என்று அதே சொற்கள் எட்டு நாளும் வரும்.

ஓட்டம் முடிந்த பிறகுதான் உண்மையான பாடம். அதே மூன்று நிமிஷத்தை மெதுவாக ஓட்டி, தெரு தெருவாகப் பிரித்துப் பேசுவார்கள். எவனுக்குக் கொம்பு பட்டது, எவனுக்கு வெறும் அடி, எந்த இடத்தில், ஆஸ்பத்திரியில் எத்தனை பேர். மறுநாள் எந்தப் பண்ணை மாடு, எடை எவ்வளவு. 500, 600 கிலோ என்பார்கள். எண்கள் ஸ்பானிஷில் எனக்கு அப்படித்தான் வந்தது.

நம்ம ஊருக்கும் அதற்கும் ஒட்டாத இடமும் உண்டு. அங்கே மாட்டைத் தொடக்கூடாது. தொட்டால் பச்சைச் சட்டை போட்ட மேய்ப்பர் கம்பாலேயே ஒன்று வைப்பார். திமிலைப் பிடிப்பது என்கிற பேச்சே இல்லை, கூட ஓடுவதுதான் வீரம். சாயங்காலம் அந்த மாடுகளை அரங்கத்தில் கொன்றுவிடுவார்கள். அதை நான் பார்ப்பதில்லை. நம்ம மாடு சைக்கிளோ அண்டாவோ ஜெயித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து பருத்திக்கொட்டை தின்னும்.

மீனா தங்கச்சிக்கு மாடு பிடிக்குமோ பிடிக்காதோ. உனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் எதுவோ அதை ஸ்பானிஷில் தேடிப் பார். சமையலோ துணி தைப்பதோ கிரிக்கெட் இல்லாத எதுவோ.

ஆரப்பாளையம்_டெப்போ:

அண்ணே, நான் தமிழ் டப்பிங் என்று சொன்னதும் பெரியவர் மகாபாரதம் சொன்னதும் நீங்கள் சொல்வதும் ஒரே கட்சிதான். நைட்ஷிஃப்ட் அண்ணன் மட்டும் எதிர்க்கட்சி.

இளந்தைக்குளம்_நைட்ஷிஃப்ட்:

எதிர்க்கட்சி இல்லை. மாட்டு ஓட்டத்தில் கண் மாட்டின் மேல் இருக்கிறது, எழுத்தின் மேல் இல்லை. நானும் அதைத்தான் சொல்கிறேன்.

திருநகர்_டீச்சர்:

பள்ளியில் பாடம் எடுக்கிறேன், ஸ்பானிஷ் இல்லை, ஆனால் மொழி கற்கிற வயசுப் பிள்ளைகளைப் பார்த்துப் பழக்கம். மீனா கையில் எடுக்கக்கூடியவை என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

'தெஸ்தினோஸ்' என்று 1992-ல் அமெரிக்காவில் கற்பவர்களுக்கென்றே எடுத்த தெலெநோவெலா, 52 எபிசோட். ராக்கெல் என்கிற வக்கீல் ஒரு பழைய குடும்ப ரகசியத்தைத் தேடி ஸ்பெயின், அர்ஜென்டினா, போர்ட்டோ ரிக்கோ, மெக்சிகோ என்று போகிறாள். கைடு சொன்ன உச்சரிப்புகளில் பல வரிசையாக வந்துவிடும். உடை, தலைமுடி எல்லாம் தொண்ணூறுகள், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இணையத்தில் இலவசம். மனி ஹைஸ்டை மூட்டை கட்டிவிட்டு இதிலிருந்து தொடங்கச் சொல்வேன். கொள்ளையடிக்கும்போது கத்துகிறவர்களை வைத்து யாராலும் மொழி கற்க முடியாது.

'பொக்கோயோ' குழந்தைகள் கார்ட்டூன், மாட்ரிட் தயாரிப்பு. கதைசொல்லி நிறுத்தி நிறுத்திப் பேசுவார், திரையில் நடப்பதையே பேசுவார். வெட்கப்படாமல் பாருங்கள்.

'யோ சோய் பெத்தி, லா ஃபெயா', கொலம்பியா, 1999-லிருந்து 2001 வரை ஓடியது, எழுதியவர் ஃபெர்னாந்தோ கைத்தான். இந்தியில் 2003-ல் 'ஜஸ்ஸி ஜைசி கோயி நஹீன்' ஆனது இதுதான். போகோட்டா அலுவலகத்தில் நடக்கிற கதை. பில், கணக்கு, கடன், மேலாளர், வரவேற்பறைப் பெண்களின் வம்பு எல்லாம் வரும். போன் வேலை பார்க்கப்போகிற பெண்ணுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அலுவலகத்தில் பெரும்பாலும் மரியாதையாகப் பேசுவதால் வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது என்பதும் கூடவே வந்துவிடும்.

செய்தி. ஆர்டிவிஇ-யின் மதியச் செய்தி அவர்கள் நேரம் 3 மணி. கோடையில் நமக்கு மாலை 6.30, அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் கடைசிவரை 7.30. தெளிவான உச்சரிப்பு. இந்திய, உலகச் செய்தியைக் காலையிலேயே தமிழில் படித்திருப்பதால் பாதி தெரிந்ததாகவே இருக்கும். முதலில் வானிலை மட்டும் பாருங்கள், படமும் கையும் சேர்ந்தே சொல்லிவிடும்.

பி1 வந்த பிறகு 'குவெந்தாமே கோமோ பாசோ'. 2001-ல் தொடங்கி 2023 வரை ஓடிய குடும்பக் கதை, 1968-ல் ஆரம்பிக்கிறது, வீட்டுக்கு முதல் டிவி வருகிற காலம். நரிமேட்டு ஐயாவுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆர்டிவிஇ தளத்தில் இருக்கிறது. அந்தத் தளத்தில் உரிமைச் சிக்கலால் சில நிகழ்ச்சிகள் ஸ்பெயினுக்கு வெளியே திறக்காது, திறக்காவிட்டால் போன் பழுது என்று நினைக்க வேண்டாம்.

தெற்குகோபுரம்_கைடு:

டீச்சர் பட்டியலில் 'சபேர் இ கனார்' விட்டுப்போயிற்று. 1997-லிருந்து அதே வினாடிவினா, நடத்துகிறவர் அதே ஜோர்தி உர்தாதோ. அவருக்கு வயசே ஆகாது என்று ஸ்பெயினில் ஒரு கேலி உண்டு, குழுவில் அவர் பெயரைச் சொன்னால் போதும், அறிமுகம் முடிந்தது. கேள்வி திரையில் எழுத்தாக வரும், அவரும் வாசிப்பார். நைட்ஷிஃப்ட் சொன்ன மருந்தும் அதிலேயே இருக்கிறது.

ஒன்று மட்டும். டிவி காதைத் திறக்கும், வாயைத் திறக்காது. செய்தி வாசிப்பவர் பேசினதை அப்படியே கூடவே முணுமுணுங்கள். ஹெட்செட் போட்டுக்கொண்டு மொட்டைமாடியில் நடந்துகொண்டே செய்யலாம். பக்கத்து வீட்டார் ஏதாவது நினைத்தால் நினைக்கட்டும்.

வில்லாபுரம்_மீனா:

பெத்தியைத்தான் எடுக்கப்போகிறேன், சிசி எழுத்தோடு. ஜஸ்ஸி கதை சித்தி வாயால் பலமுறை கேட்டாயிற்று, அதனால் எல்லாக் கட்சியும் திருப்தி. செய்தி கோடைகாலத்துக்கு மட்டும்தான், 7.30 இந்த வீட்டில் நடக்காது. கைடு அண்ணே, ஆகஸ்டில் உங்கள் குழு பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்து வரலாமா? பேச மாட்டேன், கேட்கிறேன்.

தெற்குகோபுரம்_கைடு:

வாங்க. காலை ஏழு மணிக்கு அம்மன் சன்னதி வாசல். அண்டலூசியாக் குழு வருகிற நாளாகப் பார்த்து வராதீர்கள், எனக்கே சிரமம்.

பாலமேடு_வாடிவாசல்:

ஜூலை 7 காலை 11.15-க்கு இந்த இழையிலேயே லிங்க் போடுகிறேன். பாட்டிலிருந்து பார்க்கணும், வெடி போட்ட பிறகு வந்தால் பாதி முடிந்திருக்கும்.